மருந்து பிடிக்கிறதா என்று ஒளி சொல்லுமா?

அறுவைக்கு முன்பே கீமோ தொடங்கிவிட்டவர்களின் வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும். மருந்து பிடிக்கிறதா, இல்லையா? முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, சோற்றில் ருசி தெரிவதில்லை. மருந்து உடம்புக்குள் போய்விட்டது என்பதற்கு இதெல்லாம் அத்தாட்சி. கட்டிக்குள் அது வேலை செய்கிறது என்பதற்கு இதில் எதுவுமே அத்தாட்சி இல்லை.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது கட்டி ஏற்கெனவே பெரிதாகியிருந்தது. முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு, அப்புறம் அறுவை செய்துகொள்ளலாம் என்றார் டாக்டர். இதை நியோஅட்ஜுவன்ட் கீமோ என்பார்கள். பல மாதம் ஓடும் சிகிச்சை. நடுவில் ஒவ்வொரு முறையும் டாக்டர் கையால் தொட்டுப் பார்ப்பார், அளவுகோல் வைத்துப் பார்ப்பார். "பாதி சைக்கிள் முடியட்டும்மா, ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்" என்பார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்தப் பாதி வழி வரைக்கும் காத்திருப்பது நோயாளிக்கு எவ்வளவு நீளம் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

நான் கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்துகிறேன். ஒளியியல் எனக்கு மிகவும் பிடித்த தாள். ஒருநாள் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது விரலில் மாட்டியிருந்த ஆக்சிமீட்டரைக் காட்டி அக்கா கேட்டாள்: "ஏன்டி, விரல்ல லைட் அடிச்சு ஆக்சிஜன் எவ்வளவுன்னு சொல்லிடறாங்களே, இந்தக் கட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு அதே மாதிரி பார்க்க முடியாதா?"

மிகச் சரியான கேள்வி. உலகில் பல ஆய்வகங்கள் முப்பது வருடத்துக்கும் மேலாக இதே கேள்வியோடுதான் வேலை செய்கின்றன. அக்காவுக்கு அவ்வப்போது துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஆக்சிமீட்டரிலிருந்தே தொடங்கலாம். ஜப்பானின் நிஹோன் கோடென் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த டக்குவோ அவோயாகி 1974இல் முன்வைத்த யோசனைதான் இன்று நம் விரலில் மாட்டும் கருவி. சிவப்பு ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒன்று என்று இரண்டு விளக்குகள். ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் விழுங்காது, ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் நிறைய விழுங்கும். அகச்சிவப்பில் இது தலைகீழ். இரண்டையும் ஒப்பிட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று வந்துவிடும். விரலைக் கிள்ளவும் வேண்டாம், ஊசி போடவும் வேண்டாம்.

விரல் மெல்லியது, சரி. மார்பகத்தில் பல சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒளி போகுமா? போகும். ஒளியின் அலைநீளத்தில் 650 நானோமீட்டரிலிருந்து 950 நானோமீட்டர் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அதற்குக் கீழே ரத்தம் ஒளியைக் குடித்துவிடும், மேலே போனால் தண்ணீர் குடித்துவிடும். நடுவில் இரண்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கின்றன. இந்த ஜன்னல் வழியாக மூளையிலும் இதயத்திலும் ஆக்சிஜன் நிலையை வெளியிலிருந்தே பார்க்கலாம் என்று டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்ஸ் யோப்சிஸ் 1977இல் காட்டினார். இந்தத் துறையின் பிறந்த வருடம் என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

போவது பிரச்சினை இல்லை, நேராகப் போகாததுதான் பிரச்சினை. எக்ஸ்ரே திசுவுக்குள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், அதனால் நிழல் விழும், நிழலே படமாகிவிடும். ஒளி அப்படியில்லை. தேர்த்திருவிழாக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டவர் இப்படியும் அப்படியும் தள்ளப்பட்டு ஏதோ ஒரு சந்தில் வெளியே வருவாரே, ஒளித்துகளும் மார்பகத்துக்குள் அந்தப் பாடுதான் படுகிறது. ஒரு மில்லிமீட்டர் அளவு போவதற்குள் கிளம்பிய திசையே அதற்கு நினைவில் இருக்காது. வெளியே வந்த ஒளியை வைத்து உள்ளே என்ன இருந்தது என்று கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் படமும் கலங்கலாகத்தான் இருக்கும். அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பதைத் துல்லியமாகப் பிரித்துக் காட்ட அதனால் முடியாது. மார்பகத்தை அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயான மேமோகிராமோ மில்லிமீட்டரில் பின்ன அளவே இருக்கும் சுண்ணாம்புத் துகள்களைக்கூடக் காட்டிவிடும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம், "எக்ஸ்ரே வேண்டாம், அழுத்தி நசுக்க வேண்டாம், வெளிச்சம் போதும்" என்கிற ஆசை நேற்று வந்ததல்ல. 1929இலேயே நியூயார்க்கில் மேக்ஸ் கட்லர் என்ற மருத்துவர் இருட்டறையில் மார்பகத்துக்குக் கீழே பலமான விளக்கை வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். நீர்க்கட்டி என்றால் ஒளி ஊடுருவி வரும், ரத்தம் தேங்கியிருந்தால் கறுப்பாகத் தெரியும். விளக்கின் சூடு தாங்க முடியாதது வேறு ஒரு தொல்லை. 1980களில் வீடியோ கேமராவும் அகச்சிவப்பு உணரியும் வந்தபோது அதே ஆசை மறுபடி எழுந்தது. அப்போதும் மேமோகிராமோடு பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். ஸ்வீடனில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 1990இல் வந்தது. ஒளி தோற்றுப்போனது. குறிப்பாகச் சின்னக் கட்டிகளை, அதாவது கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றக்கூடிய கட்டிகளை, அது தவறவிட்டது.

கண்டுபிடிக்கும் வேலைக்கு ஒளியைப் பிடித்து இழுத்ததுதான் கோளாறு என்பது என் கருத்து. அதற்குப் பொருத்தமான வேலை வேறு.

கீமோ எடுப்பவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கட்டி எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும். பயாப்சி முடிந்து அது என்ன வகை என்றும் தெரியும். பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், கலங்கலான படத்திலும் சிக்கிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க அதே பெண்ணின் இன்னொரு மார்பகம் இருக்கிறது. ஒளியில் கதிர்வீச்சு ஆபத்து கிடையாது, ஊசி போட்டுச் சாயம் ஏற்ற வேண்டியதில்லை, படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் அளக்கலாம். எம்.ஆர்.ஐ. மிகத் தெளிவாகக் காட்டும், ஆனால் வாரத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ. யாரும் எடுக்க மாட்டார்கள். இன்னொன்று, கட்டியின் அளவு குறைவது தாமதமாக நடக்கிற காரியம். அதற்கு முன்பே உள்ளே ரத்த ஓட்டமும் தண்ணீர்ச் சத்தும் மாறத் தொடங்கிவிடும். ஒளி அளப்பது அந்த இரண்டையும்தான்.

இங்கேதான் கலிபோர்னியாவின் இர்வைன் நகரில் இருக்கும் பெக்மன் லேசர் இன்ஸ்டிட்யூட் வருகிறது. புரூஸ் டிராம்பெர்க்கும் அவருடைய குழுவும் பல வருடம் அங்கே இதற்காக உழைத்தார்கள். அவர்கள் செய்தது வெறுமனே வெளிச்சம் அடித்துப் பார்க்கும் வேலை இல்லை. லேசர் ஒளியின் பிரகாசத்தை நொடிக்குக் கோடிக்கணக்கான முறை ஏற்றி இறக்குவார்கள். திசுவுக்குள் அலைந்து திரிந்து வெளியே வரும்போது அந்த ஏற்ற இறக்கம் சற்றுத் தாமதமாக வரும். எவ்வளவு தாமதம், எவ்வளவு மங்கல் என்ற இரண்டையும் அளந்தால், திசு எவ்வளவு ஒளியை விழுங்கியது, எவ்வளவைச் சிதறடித்தது என்று தனித்தனியாகப் பிரித்துவிடலாம். பழைய முறைகளில் இந்தப் பிரிவினை முடியாமல் இருந்தது. கறுப்பாகத் தெரிந்தால் அது ரத்தமா, சிதறலா, ஆழமா என்று சொல்ல வழியில்லை.

பிரித்த பிறகு நான்கு எண்கள் கிடைக்கும்: ஆக்சிஜன் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின், தண்ணீர், கொழுப்பு. புற்றுக்கட்டி தனக்கென்று புது ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்ளும், அதனால் ரத்தம் அதிகம். வேகமாக வளர்வதால் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். செல்கள் நெருக்கமாகி வீக்கமும் சேர்வதால் தண்ணீர் அதிகம். கொழுப்பு இருந்த இடத்தைக் கட்டி பிடித்துக்கொள்வதால் கொழுப்பு குறைவு. ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினைத் தண்ணீரால் பெருக்கி, கொழுப்பால் வகுத்தால் ஒரு குறியீடு வரும். கட்டி இருக்கும் இடத்தில் அது தூக்கலாக இருக்கும். மருந்து பிடித்தால் இறங்க வேண்டும். கையடக்கமான ஒரு முனையைத் தோலின் மேல் சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாக வைத்து வைத்து எடுத்தால் அதுவே ஒரு வரைபடமாகிவிடும். இவ்வளவு எளிய ஒரு பெருக்கல் வகுத்தலில் கட்டியின் குணம் அடங்கிவிடுகிறது என்பதை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

அந்தக் குழுவின் டேரன் ராப்ளியரும் மற்றவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு என்னை அசைத்துப் போட்டது. இருபதுக்குச் சற்று அதிகமான நோயாளிகள்தான். முதல் கீமோ ஏறிய மறுநாளே அளந்தார்கள். பின்னாளில் மருந்துக்கு மசிந்த கட்டிகளில், அந்த முதல் நாளில் ஆக்சிஜன் உள்ள ஹீமோகுளோபின் திடீரென்று எகிறியிருந்தது. மசியாத கட்டிகளில் அந்த எகிறல் இல்லை. மருந்தால் செல்கள் அடிபடும்போது உண்டாகும் அழற்சி ரத்தத்தை அங்கே இழுத்திருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். மறுநாளே! மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வார்த்தையின் கனம் புரியும்.

சரி, அப்படியென்றால் ஏன் ஊரெல்லாம் இந்தக் கருவி இல்லை? ஒரு ஆய்வகத்தில் அதன் சொந்தக் கருவியோடு கிடைத்த முடிவு, வேறு கைகளில், வேறு ஊர்களில் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் அக்ரின் 6691 என்ற ஆய்வு நடந்தது. ஒரே மாதிரி கருவிகளைச் செய்து ஆறு நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். 60 பெண்கள் சேர்ந்தார்கள். கடைசியில் முழுமையான, பயன்படுத்தத்தக்க அளவீடு கிடைத்தது 34 பேருக்கு. அவர்களில் 10 பேருக்குக் கட்டி முழுவதும் கரைந்திருந்தது. தொடக்கத்துக்கும் சிகிச்சையின் நடுவுக்கும் இடையே அந்தக் குறியீடு எவ்வளவு மாறியது என்பதை வைத்து இந்த 10 பேரை முன்கூட்டியே சொல்ல முடிந்ததா என்று பார்த்தார்கள். 2016இல் வந்த முடிவில் அதன் திறன் 0.60. இந்த அளவுகோலில் 1 என்றால் ஒருவரைக்கூடத் தவறவிடவில்லை என்று பொருள், பூவா தலையா போட்டாலே 0.5 கிடைத்துவிடும். ஆக 0.60 என்பது நல்ல எண் இல்லை.

ஆனால் அந்த ஆய்விலேயே இன்னொரு வரி இருக்கிறது. சிகிச்சை தொடங்கும்போதே கட்டியில் ஆக்சிஜன் நிறைவு அதிகமாக இருந்த 17 பேரை மட்டும் எடுத்துப் பார்த்தால் திறன் 0.83க்கு உயர்ந்தது. பதினேழு பேர் மிகச் சிறிய கூட்டம், அதை வைத்துக் கொடி பிடிக்க முடியாது. ஆனாலும் அது ஒரு தடயம். ரத்த ஓட்டம் நன்றாக உள்ள கட்டிக்குத்தான் ரத்தத்தின் வழியே மருந்து போய்ச் சேரும், பிராணவாயு குறைந்த கட்டிகள் மருந்துக்கு முரண்டு பிடிக்கும் என்பது நெடுங்காலமாக அறிந்த விஷயம். ஆகவே எல்லாக் கட்டிகளுக்கும் ஒரே குறியீடு என்பது நடக்காது, கட்டிக்குத் தக்கபடி அளவுகோலும் மாற வேண்டும். இந்த 0.60ஐ மறைக்காமல் முதன்மை முடிவாகவே எழுதி வெளியிட்டார்கள் பாருங்கள், அதனால்தான் எனக்கு இவர்கள்மேல் நம்பிக்கை. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த நேர்மைதான் முதல் தேவை.

இதே பாதையில் வேறு குழுக்களும் நடக்கின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் ஹீல்ஷரின் குழு நோயாளியை மூச்சைப் பிடிக்கச் சொல்லி அளந்தது. மூச்சைப் பிடித்தால் மார்பகத்தில் ரத்தம் தேங்கும், விட்டால் வடியும். நல்ல திசுவில் வடியும் வேகம் ஒன்று, கட்டியின் கோணல்மாணலான குழாய்களில் வேறொன்று. சிகிச்சை தொடங்கி இரண்டு வாரத்திலேயே இந்த வித்தியாசத்தில் மாற்றம் தெரிகிறது என்று 2018இல் எழுதினார்கள். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் எம்.ஆர்.ஐ.யோடும், குயிங் ஜூ என்ற ஆய்வாளரின் குழுவில் அல்ட்ராசவுண்டோடும் ஒளியைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். ஒன்று இடத்தைக் காட்டும், மற்றது உள்ளே நடப்பதைச் சொல்லும். கலங்கலுக்கு இதுதான் நல்ல மருந்து என்று எனக்குத் தோன்றுகிறது.

(பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பிரிட்டன் சான்ஸ் பெயரையும் சொல்லாமல் போக மனமில்லை. திசுவுக்குள் ஒளி அலையும் நேரத்தை அளப்பதில் முன்னோடி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வாங்கியவர். வயதான பிறகும் மார்பகக் கருவிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தார்.)

ஒளியை ஒலியாக்கும் வழி இன்னொன்று. மிகச் சிறிய நேர லேசர் துடிப்பு ரத்தத்தில் பட்டதும் அது இம்மியளவு சூடாகி விரியும், அந்த விரிவு ஒலியலையாக வெளியே வரும். கிரகாம் பெல் 1880இல் கவனித்த விளைவு இது. ஒலி திசுவுக்குள் ஒளி அளவுக்குச் சிதறாது, அதனால் படம் கூர்மையாகும். கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் லிஹாங் வாங்கின் குழு 2018இல், ஒருமுறை மூச்சைப் பிடிக்கும் 15 நொடிக்குள், நான்கு சென்டிமீட்டர் ஆழம் வரை மார்பகத்தின் ரத்தக் குழாய்களைப் படமெடுத்துக் காட்டியது. சந்தைக்கும் ஒன்று வந்துவிட்டது. அமெரிக்காவில் செனோ மெடிக்கல் நிறுவனத்தின் இமேஜியோ கருவிக்கு 2021 ஜனவரியில், மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. அதுவும் ஏற்கெனவே கண்டுபிடித்த கட்டி நல்லதா கெட்டதா என்று டாக்டர் முடிவு செய்ய உதவுவதற்குத்தான். ஆரம்பச் சோதனைக்கு அல்ல.

இனி நம்மை நேரடியாகத் தொடும் விஷயத்துக்கு வருகிறேன். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒன்றைக் காட்டினார்கள். ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை நல்ல எண்ணைக் காட்டும்போதே, உண்மையில் ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவு குறைந்திருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பரில் 11.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை விழுங்குகிறது, கருவி அதைச் சரிவரக் கணக்கில் எடுக்கவில்லை. பல கோடிப் பேர் விரலில் மாட்டிய கருவியிலேயே இந்தக் கதி என்றால், மார்பகத்துக்கான ஒளிக்கருவியில் என்ன நடக்கும்? இந்தக் கேள்வியை நம் ஊர்ப் பெண்களின் சார்பில் உரத்துக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். மாநிறமும் கறுப்பும்தான் நம் நிறம். அலைநீளம் கூடக்கூட மெலனின் குறைவாக விழுங்கும். இமேஜியோ பயன்படுத்தும் இரண்டு அலைநீளங்களில் 1064 நானோமீட்டரில் தொல்லை குறைவு, 757இல் அதிகம். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் ஆக்சிஜனைச் சொல்ல வேண்டும் என்பதால், ஒன்று மட்டும் தோலில் அதிகமாகக் குறைந்தால் கணக்கே சாய்ந்துவிடும். இதைத் திருத்த வழி இருக்கிறது, தோல் நிறத்தைத் தனியாக அளந்து கணக்கில் சேர்ப்பதுதான். கருவியை விற்ற பிறகு செய்யும் வேலை இல்லை இது. சோதனைக்குச் சேர்க்கும் முதல் நூறு பேரிலேயே எல்லா நிறப் பெண்களும் இருக்க வேண்டும்.

விளம்பரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டிலேயே விளக்கடித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று கைக்கருவிகள் விற்கிறார்கள். 1929இல் கட்லர் பார்த்ததைவிடப் பெரிதாக எதையும் அதில் உங்கள் கண் பார்த்துவிடாது. "ஒன்றும் தெரியவில்லை, நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு பெண் நிம்மதியாகப் படுத்துவிடுவாள் என்பதுதான் எனக்குப் பயம். தெர்மோகிராபி என்பதும் வேறு. அது உடம்பிலிருந்து வெளிவரும் சூட்டைப் படமெடுப்பது, உள்ளே ஒளியை அனுப்பி அளப்பது அல்ல. மேமோகிராமுக்கு அது மாற்றாகாது என்று எஃப்.டி.ஏ. திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. மார்பகத் திசு அடர்த்தியாக உள்ளவர்களுக்கு மேமோகிராமும் சில கட்டிகளைத் தவறவிடும், உண்மைதான். அவர்களுக்கு டாக்டர் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ சேர்த்து எழுதுவார். டார்ச் எழுத மாட்டார்.

அறுவை அறைக்குள் ஒளி ஏற்கெனவே நுழைந்துவிட்டது. கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்தைக் காப்பாற்றும் அறுவையில், ஓரத்தில் புற்றுத் திசு மிச்சம் இருக்கிறதா என்பது பெரிய கவலை. மிச்சம் இருந்தால் மறுபடி கத்தி. முன்கூட்டியே ஊசியில் ஏற்றிய ஒரு மருந்து புற்றுத் திசுவில் ஒளிர, அறுவைக் குழியை ஒரு கைக்கருவியால் பார்க்கும் லூமிசெல் முறைக்கு 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மருந்துக்குக் கடுமையான ஒவ்வாமை எச்சரிக்கையும் உண்டு. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்ட விளைவும், அதாவது பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருவதும், இந்த வேலைக்கு வந்திருக்கிறது. வெட்டியெடுத்த மார்பகத் திசுவில் அப்படி நிறம் மாறி வரும் ஒளியை அளந்து புற்றை இனம்காண முடியும் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். வகுப்பில் ராமன் விளைவு நடத்தும்போது இதைச் சொன்னால் பின்பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

இப்போது கீமோவில் இருப்பவர்களுக்கும் உடன் இருப்பவர்களுக்கும்: ஒளியால் கண்காணிப்பது இன்றைய தேதிக்கு ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் இல்லை என்றால் நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை. ஆனால் "மருந்து பிடிக்கிறதான்னு எப்போ, எதை வச்சுப் பார்ப்பீங்க டாக்டர்?" என்று முதல் நாளே கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. கட்டி சுருங்கவில்லை என்றால் மருந்தை மாற்றும் திட்டம் என்ன என்றும் கேளுங்கள். கீமோ தொடங்கும் முன் கட்டிக்குள் சின்னதாக ஒரு உலோகக் கிளிப் வைப்பார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். மருந்து நன்றாகப் பிடித்துக் கட்டி முழுவதும் கரைந்துபோனால், சர்ஜன் எந்த இடத்தில் கத்தி வைக்க வேண்டும் என்பதை அந்தக் கிளிப்தான் காட்டும்.